படம் பாக்கும்போது நீதி கேக்காதிய

எல்லா அம்மா அப்பாவுக்கும், ஆச்சி தாத்தாவுக்கும் வணக்கம்.

ஹெச்.எம். டீச்சர் எழுதுதேன். குரூப்ல வாய்ஸ் போட்டா பாதிப்பேரு கேக்க மாட்டேங்கிய, அதான் எழுத்துலயே போடுதேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பீடி சுத்தி முடிச்சு சொளவ ஒதுக்கி வச்சிட்டு ராத்திரி பொறுமையா படிங்க. படிக்க செரமமா இருந்தா பிள்ளையளையே வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க, அதுகளுக்கும் வாசிச்சுப் பாத்த மாதிரி ஆச்சு.

இந்த வெள்ளிக்கெழமைல இருந்து ஒண்ணாப்பு ரெண்டாப்பு மூணாப்பு பிள்ளைய கையில ஒரு மஞ்சப்பை வரும், அதுக்குள்ள ஒரு படக்கதை புத்தகம் இருக்கும். சனி ஞாயிறு வீட்ல வச்சுக்கிடுங்க, திங்கக்கெழமை திரும்பி வந்திரணும். எதுக்கு இந்த ஏற்பாடுன்னு கேப்பிய, சொல்லுதேன்.

ரெண்டாப்புல ஒரு பிள்ளைக்கு அவ மாமா துபாய்ல இருந்து பென்சில் பாக்ஸ் வாங்கியாந்திருந்தாவ, காந்தம் வச்ச மூடி, மூடுனா டக்குன்னு ஒரு சத்தம். கிளாஸ்ல நாள் பூரா டக் டக்குனு அதான் கேட்டுச்சு. மூணாவது நாள் மத்தியானம் பாக்ஸ காணோம். தேடித் தேடிப் பாத்தா சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால முருங்க மரத்தடியில மண்ணத் தோண்டிப் பொதைச்சு வச்சிருக்கு. பொதைச்சது யாருன்னா, அவ பக்கத்துலயே உக்காந்து சோறு திங்கிற கூட்டாளிதான். பேரு வேண்டாம், ரெண்டு வீட்டுக்கும் தெரியும்.

நான் என்ன செஞ்சேன்னா நம்மள அந்தக்காலத்துல வாத்தியார் என்ன செஞ்சாவளோ அதத்தான் செஞ்சேன். காலைல பிரேயர்ல முன்னால நிறுத்தி சாரி சொல்ல வச்சேன். அவளும் கணீர்னு சொன்னா. அடுத்த வாரம் அதே பாக்ஸுக்குள்ள இருந்த ரப்பர காணோம். அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது, சாரிங்கிறது அவ வாய்ல இருந்து வந்துச்சு, வயித்துல இருந்தது அப்படியே இருக்குன்னு.

பொறவு ரெண்டாப்பு டீச்சர் ஒரு வேல பாத்தாவ. பழைய கேலண்டர் தாள் பின்பக்கத்துல எட்டுப் பக்கத்துக்கு அவங்களே ஒரு கத வரைஞ்சாவ. ரெண்டு ஆட்டுக்குட்டி, ஒண்ணுக்கு கழுத்துல புது மணி, இன்னொண்ணுக்கு இல்ல. நடுப்பக்கத்துல எழுத்தே கெடையாது, மணி இல்லாத ஆடு ஓரக்கண்ணால திரும்பிப் பாக்கும், அவ்வளவுதான் படம். டீச்சர் அந்தப் பக்கத்த விரிச்சு வச்சிட்டு "இது என்ன செய்யுது?"ன்னு மட்டும் கேட்டுட்டு சும்மா இருந்துட்டாவ. நான் வாசல்ல நின்னு பாத்தேன். ஒருத்தரும் பேசல, ஃபேன் சத்தம்தான். அப்ப நம்மாளு, பாக்ஸ பொதைச்சவ, படத்துல அந்த ஆட்டு வயித்துல வெரல வச்சு "இதுக்கு இங்கன காந்துது டீச்சர்"னா. காந்துனா என்ன செய்யும்னு டீச்சர் கேட்டதுக்கு, "மணிய ஒளிச்சு வைக்கும். ஒளிச்சு வச்ச பொறவும் காந்தும்"னா.

எனக்கு 20 வருஷத்துக்கு மேல சர்வீஸு, பொறாமையப் பத்தி இப்படி ஒரு பிள்ள சொல்லி நான் கேட்டதில்ல. (இதுக்கு நடுவுல ஒருத்தன் எந்திரிச்சு, மணி போட்ட ஆடுதான் டீச்சர் பாவம், நரிக்கு சத்தம் கேக்கும்லான்னான். அவன் சொன்னதும் வாஸ்தவம்தான்.)

பிரேயர்ல நிறுத்தி கேட்டப்ப வராத வார்த்த படத்தப் பாத்து எப்படி வந்துச்சுன்னு யோசிச்சேன். "நீ பொறாமப்பட்டியா?"ன்னு கேட்டா எந்தப் பிள்ளையும் இல்லன்னுதான் சொல்லும், பெரியவங்க நாமளும் அதத்தான சொல்லுவோம். ஆட்டுக்கு காந்துதுன்னா அது ஆட்டு விஷயம், அடி விழாது. அதுபோக ஆறு வயசுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டுறதுக்கே மூச்சு வாங்கும், ஆனா மூஞ்சி படிக்க அதுக்குத் தெரியும், அம்மா மூஞ்சியப் பாத்தே இன்னைக்கு கேட்டா ஐஸுக்கு காசு கெடைக்குமா கெடைக்காதான்னு கண்டுபிடிக்கிற பிள்ளையதான இதுக. நல்ல படக்கதையில எழுத்து சொல்லாதத படம் சொல்லும். "சரின்னு சொன்னான்"னு கீழ எழுதியிருக்கும், மேல படத்துல கை இறுக்கி மூடியிருக்கும். அத கண்டுபிடிக்கிறது பிள்ளைக்கு ஒரு வெளையாட்டு.

குறள் இருக்கே, அது போதாதான்னு ஒரு தாத்தா கேட்டாவ. அழுக்காறாமை, அதான் பொறாமப்படாம இருக்கது, 17வது அதிகாரம், 161ல இருந்து 170 வரைக்கும் பத்துக் குறளும் நம்ம அஞ்சாப்பு பிள்ள ஒண்ணு மூச்சு விடாம சொல்லும். போன ஆண்டுவிழாவுக்கு முந்தி நடந்த ஒப்புவித்தல் போட்டியில அதச் சொல்லித்தான் மொத பரிசு வாங்குச்சு. மொத பரிசு சில்வர் டிபன் பாக்ஸ், ரெண்டாம் பரிசு ரோஸ் கலர் தண்ணி பாட்டில். மொத பரிசுக்காரி அந்த பாட்டிலப் பாத்து அழுத அழுகைய மேடைக்குக் கீழ இருந்த எல்லாரும் பாத்தோம்லா! வள்ளுவர் மேல கொறையில்ல, குறள் கண்டிப்பா வேணும், ஆனா அது அறிவுக்குள்ள போயி நிக்கி, வயித்துக்கு எறங்க இன்னும் வருஷம் ஆகும்.

இன்னொண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. நம்ம ஊர்ல பிள்ளைக்கு லேசா மேல் சுட்டாப் போதும், எவ கண்ணு பட்டுச்சோன்னு மொளகாயும் உப்பும் எடுத்து சுத்திப் போட்டுருவோம், வீடு கட்டுனா பூசணிக்காய்ல கண்ணு மூக்கு வரைஞ்சு தொங்க விட்டுருவோம். அடுத்தவன் வயித்தெரிச்சலப் பத்தி பேசுறதுக்கு நம்மகிட்ட அத்தன வார்த்த இருக்கு. நம்ம கண்ணு யார் மேல பட்டுச்சுன்னு வீட்ல ஒருநாளாவது பேசியிருக்கோமா? பிள்ள அதையும் பாத்துக்கிட்டுதான் இருக்கு. பொறாமைங்கிறது எப்பவும் பக்கத்து வீட்ல இருக்குற ஒண்ணுன்னு நெனச்சுக்கிடுது.

அதுவும் இந்த "அவனப் பாரு, எப்படி படிக்கான்" இருக்குல்லா, அதக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைங்க. ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட வாரப்ப என் ரூம்லயே, என் மேசைக்கு முன்னாலயே சொல்லுதிய. நானும் ரொம்ப யோக்கியம் இல்ல, கிளாஸ்ல கையெழுத்து நோட்ட தூக்கிக் காட்டி இவளப் பாருன்னு நானே சொல்லியிருக்கேன். இனிமே சொல்லல.

வீட்ல தம்பியோ தங்கச்சியோ பொறந்திருந்தா அது வேற கணக்கு. அங்க பிள்ள அடுத்தவன் பொருளுக்கு ஆசப்படல, தன் அம்மா மடி போயிருமோன்னு பயப்படுது. நம்ம ஆச்சிமாரு அத பொறாமைன்னு சொல்ல மாட்டாவ, ஏக்கம்னு சொல்லுவாவ, பிள்ளைக்கு ஏக்கம் தட்டிட்டும்பாவ. அந்த வார்த்த சரியான வார்த்த. அந்த மாதிரி வீட்டுக்கு குட்டிப்பாப்பா வார கதப் புத்தகமா பாத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். அத அம்மாதான் வாசிக்கணும், கைப்பிள்ளைய பத்து நிமிஷம் அப்பா வச்சுக்கிடட்டும்.

எப்படி வாசிக்கணும்னு பெரிய ட்ரெய்னிங்லாம் ஒண்ணும் இல்ல. பக்கத்த பிள்ளதான் திருப்பணும், அது எந்தப் பக்கத்துல நிக்குதோ அங்க நீங்களும் நில்லுங்க. படிக்கத் தெரியாதவிய படத்த மட்டும் பாத்து உங்க இஷ்டத்துக்கு கத சொல்லுங்க, தப்பே இல்ல. "இது மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"ன்னு வேணா ஒரு தடவ கேளுங்க. பதில் வரலன்னா வுட்டுருங்க. கத முடிஞ்சதும் மட்டும் "இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?"ன்னு கேக்காதிய, கையெடுத்துக் கும்பிடுதேன். அதவிட மோசம் "நீயும் இந்த ஆடு மாதிரிதான்ட்டி"ன்னு சொல்லுறது, அதோட பிள்ள வாய மூடிக்கிடும், அடுத்த வாரம் பைய தொறக்காது. ஒரே கதய பத்துத் தடவ கேட்டாலும் சலிச்சுக்கிடாம சொல்லுங்க, ஏதோ ஒண்ண அதுல தேடுதுன்னு அர்த்தம்.

புத்தகம் எங்க இருந்துன்னா, அரசாங்கம் 2023ல கொண்டு வந்த வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா சின்னச் சின்ன புத்தகம் வந்திச்சு, அது இருக்கு. நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா மாதிரி ஆளுங்க போடுத புத்தகம் கொஞ்சம் டீச்சருங்க சேந்து காசு போட்டு வாங்குனோம். போன்ல பாக்கணும்னா ஸ்டோரிவீவர்னு பிரதம் புக்ஸ் நடத்துறது இருக்கு, தமிழ்ல படக்கத காசில்லாம கெடைக்கும். ஆனா போன கையில குடுத்துட்டு நீங்க சீரியல் பாக்கப் போயிராதிய, பக்கத்துல உக்காரணும்.

கிழிஞ்சா பரவால்ல, ஃபைன் கெடையாது, பசை வச்சு ஒட்டி குடுத்து விடுங்க.

அந்த ரெண்டு பிள்ளையளும் என்ன ஆச்சுன்னு கேப்பிய. இன்னும் பழையபடி பக்கத்துல உக்காரல. ஆனா நேத்து இன்டர்வெல்ல பாத்தேன், பாக்ஸ்காரி மூடிய நீட்டுனா, மத்தவ ரெண்டே ரெண்டு தடவ டக் டக்குனு மூடிப் பாத்துட்டு திரும்பக் குடுத்துட்டா. ரப்பர் இன்னும் வரல, நாங்களும் கேக்கல.

பைக்குள்ள முறுக்கு, அதிரசம் எதுவும் வச்சு அனுப்பாதிய, புத்தகத்துல எறும்பு ஏறிரும்.

இப்படிக்கு,
உங்க ஹெச்.எம். டீச்சர்