மல்லாட்டை காய்கிறது

பாப்பாவுக்கு,

தண்ணியைக் காய்ச்சிக் குடி. பதினோரு நாளாக நான் அனுப்புவதற்கெல்லாம் ஒற்றை டிக்தான். சூடானில் நீ இருக்கிற தவீலாவில் சிக்னல் இருக்காது என்கிறார் அப்பா. அவருக்கு எல்லாம் தெரியும்.

மாடியில் மல்லாட்டை காய்கிறது. இந்த வருஷம் திரட்சி இல்லை. உடைக்கும்போதெல்லாம் நீ சொன்னதுதான் ஓடுகிறது. பக்கத்து எல் ஃபாஷர் ஊரைச் சண்டைக்காரர்கள் 500 நாளுக்கு மேல் வளைத்துப் போட்டு, சனங்கள் கடலைப் புண்ணாக்கைத் தின்று கிடந்தார்களாமே. அங்கே அதற்கு அம்பாஸ் என்று பேர் என்றாய். நம் சிவலை மாடுகூட ஊற வைத்தால்தான் வாய் வைக்கும். அக்டோபரில் ஊர் விழுந்ததும் 60 கிலோமீட்டர் நடந்தே உங்களிடம் வந்தவர்களுக்கு, அதே மல்லாட்டையை அரைத்துப் பால்பவுடர், எண்ணெய், சர்க்கரை சேர்த்த 92 கிராம் பொட்டலம். ஒன்றில் 500 கலோரி.

ஒலக்கூர் அத்தை, "நம்ம மல்லாட்டை உருண்டைதானேடி, இதுக்கா சூடான் போனா" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரொம்ப முடியாத பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் வயிறு நிறையக் கொடுத்தால் நெஞ்சு தாங்காது, மருந்துப் பால்தான் முதலில், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். வாயடைத்துப் போனாள். ஆனால் திண்டிவனத்தில் நர்ஸ் வேலை இல்லையா என்று நானும்தான் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன்.

சாப்பிடுகிறாயா? அதுகளைப் பார்த்துவிட்டு உனக்கு இறங்காது. இறங்காவிட்டாலும் சாப்பிடு. தண்ணியைக் காய்ச்சிக் குடி.

அன்றைக்கு நீ போனில் பேசும்போது சார்ஜ் தீரவில்லை. நான்தான் கட் பண்ணினேன்.

கையில் டேப் சுற்றிப் பார்ப்போம், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "தம்பி கை எவ்வளவும்மா இருந்திருக்கும்?" என்றாய்.

காய்ச்சல் கடைசி இரண்டு நாள்தான் பாப்பா. அதற்கு முன்னாலேயே, பேர் வைத்தபோது போட்ட வெள்ளிக்காப்பு முழங்கையைத் தாண்டித் தோள் வரை ஏறியது. பால்வாடியிலிருந்து எடை பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போ என்று வீடு தேடி இரண்டு தரம் வந்து சொன்னார்கள். மல்லாட்டை பிடுங்குகிற சமயம், கூலி போகும் என்றேன். கூலி இல்லை. சோறு போடாமல் பிள்ளை வளர்க்கிறாள் என்று தெரு பேசும் என்றுதான் போகவில்லை. காப்பு எங்காவது விழுந்துவிடும் என்று கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தேன். அதற்கு மட்டும் புத்தி இருந்தது.

அப்பாவுக்கும் காய்ச்சல் என்றுதான் தெரியும். அதனால் இதை நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன், எழுத்து கோணலாக விழுந்தால் பெரிதாக்கிப் படி.

நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. டிக் இரண்டானால் போதும்.

அம்மா