சிவப்பு மூடி

அன்புள்ள சுசி,

நீ அனுப்பிய மூன்று வாய்ஸ் மெசேஜுக்கும் கட்டைவிரல் பொம்மையைப் போட்டுவிட்டு மூன்று மாதம் காணாமல் போனவளை என்ன சொல்லித் திட்டுவாய் என்று எனக்குத் தெரியும். திட்டி முடித்துவிட்டுப் படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி. உன் மாமியார் கொடுத்த தைலத்தை நம்புகிற அளவுக்கு என்னை நம்புவதில்லை. பெரியவன் பிளஸ் டூ. டாக்டருக்குப் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நான் பாயசம் வைத்தேன். போன வாரம் ஒட்டகம் சாரை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அதே சஃபாரி சூட். "அந்தத் தவளைப் பொண்ணு எங்கே இருக்கா?" என்று உன்னைத்தான் முதலில் கேட்டார். அவர் சாகும்வரை அந்தப் பெயர் உன்னை விடாது.

போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை எடுத்தேன். பேச்சென்றால் நடுவிலேயே சமாளித்து என் பக்க நியாயத்தைச் சேர்த்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூலை மாதம். குறுவை நடவு நேரம். எங்களுக்கு அது பாம்பு சீசன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி மோட்டார் போடப் போன ஒருவரைக் கெண்டைக்காலில் கடித்திருக்கிறது. பதினொன்றே முக்காலுக்குக் கேஷுவாலிட்டிக்கு வந்தார். மருமகன் பாம்பை அடித்து உரச்சாக்கில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். சந்தேகமே இல்லை, கண்ணாடி விரியன், முதுகில் சங்கிலி மாதிரி புள்ளி. டியூட்டியில் இருந்த ஹவுஸ் சர்ஜன் நல்ல பையன். நிஜமாகவே நல்ல பையன், அதுதான் இதில் கொடுமை. உடனே ரத்தம் எடுத்து இருபது நிமிட டெஸ்ட் போட்டான். குழாயில் இருபது நிமிஷம் ஆட்டாமல் வைத்தும் ரத்தம் உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உறைந்துவிட்டது என்று எழுதினான். விதிப்படி ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. உறைந்தது. அப்புறம் மூன்றாவது. அதில் அடியில் கொஞ்சம் பிசுபிசுப்பு, மேலே தண்ணீராக ஓடியிருக்கிறது. அதையும் உறைந்த கணக்கில் சேர்த்துவிட்டான். மேற்படிப்பு படிக்கிற பி.ஜி. டாக்டர் ஐ.சி.யு.வில் வேறொரு கேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதைக் கேட்டுவிட்டு, "உறைகிறதே, விஷமுறிவு மருந்து, ஏ.எஸ்.வி., வேண்டாம், பார்த்துக்கொள்" என்று போனிலேயே சொல்லியிருக்கிறாள். ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரிசல்ட் லேபிலிருந்து வருவதற்கு முன்னால், நாலரை மணிக்கு, அந்த மனுஷன் எச்சில் துப்பினார். ரத்தம்.

பயப்படாதே, பிழைத்துவிட்டார். ஆனால் கிட்னி அடிபட்டு, பதினொரு தடவை டயாலிசிஸ் செய்துதான் வீட்டுக்குப் போனார். நடவு போச்சு.

காலை ரவுண்ட்ஸில் அந்தப் பையனிடம் கேட்டேன், "எந்த டியூபில் போட்டே?" ட்ரேயிலிருந்து எடுத்துக் காட்டினான். சிவப்பு மூடி வாக்குடெய்னர்! லேபுக்கு ரத்தம் அனுப்புகிற பிளாஸ்டிக் குழாய். உள்சுவரில் ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைப்பதற்கென்றே பூச்சு. உறைய வைக்கிற குழாயில் போட்டுவிட்டு உறைகிறதா என்று பார்த்திருக்கிறோம். "கண்ணாடி டியூப் எங்கேடா?" என்றால், "மேடம், கண்ணாடி டியூபை நான் கடைசியாகப் பார்த்ததே ஃபர்ஸ்ட் இயர் பயோகெமிஸ்ட்ரி லேபில்தான்" என்கிறான். நக்கல் இல்லை, உண்மையைச் சொல்கிறான். வார்டு முழுக்கத் தேடினேன். ஒரு கண்ணாடிக் குழாய் கிடையாது. வாக்குடெய்னர் வந்த பிறகு யாரும் வாங்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது என் பங்கு. 2019ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் எல்லாவற்றுக்கும், செய்து பழகியதைக் குறித்துக் கையெழுத்து வாங்குகிற லாக்புக் உண்டு என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பாம்புக்கடி டெஸ்டுக்கும் ஒரு கட்டம். அந்தப் பையனுடைய லாக்புக்கை வாங்கிப் பார்த்தேன். "தானாகச் செய்யத் தகுதி பெற்றார்" என்கிற கட்டத்தில் கையெழுத்து யாருடையது? என்னுடையது. எந்த நாள் என்றுகூட ஞாபகம் வந்துவிட்டது, ஏனென்றால் பக்கத்தில் எண்ணெய்க் கறை. துறை மீட்டிங் முடிந்து பஜ்ஜி தின்றுகொண்டே முப்பத்தெட்டு லாக்புக்கில் கையெழுத்துப் போட்ட வெள்ளிக்கிழமை. அவன் ஒரு தடவைகூட என் கண்முன்னால் அந்த டெஸ்டைச் செய்ததில்லை. நானும் கேட்டதில்லை.

இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை சுசி. நாடகம் ஆடுகிறேன் என்று நினைக்காதே. பையனைத் திட்டினவர்கள் எல்லோரும் என்னிடம் வந்து ஆறுதல் சொன்னார்கள், அதுதான் தாங்கவில்லை.

அதற்கப்புறம் பிடித்துக்கொண்டது பைத்தியம். இனி வரும் பக்கங்களுக்கு நீ பொறுமையாக இரு, ஒரு காபி போட்டுக்கொள்.

நானே மருத்துவக் கல்வி ஆராய்ச்சி செய்தவள்தானே? ப்ரமோஷனுக்காக நான் எழுதிய அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை வைத்து நீ இன்னும் ஓட்டுகிறாய்: கரும்பலகையில் பாடம் நடத்தினால் மாணவர்களுக்குப் பிடிக்கிறதா, பவர்பாயிண்டில் நடத்தினால் பிடிக்கிறதா. முன்னால் பத்துக் கேள்வி, பின்னால் பத்துக் கேள்வி, நடுவில் ஒரு மணி நேர வகுப்பு. பின்னால் மார்க் கூடியது. கூடாமல் என்ன செய்யும்? அதே பத்துக் கேள்வி! எங்கள் மாதிரி மாவட்டக் கல்லூரிகளில் இந்தத் துறையில் வருவதில் முக்கால்வாசி இப்படித்தான். வகுப்பு பிடித்திருந்ததா, ஐந்துக்கு நாலரை. கற்றுக்கொண்டானா, பத்துக்கு எட்டு. அவன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எந்தக் குழாயை எடுக்கிறான் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. மருத்துவக் கல்விக்காரர் மில்லர் 1990லேயே ஒரு பிரமிட் வரைந்து வைத்துவிட்டுப் போனார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவான், நிஜத்தில் செய்கிறான். நாங்கள் கீழ்ப்படியிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறோம். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஹார்டன் 1975ல், மேஜை மேஜையாகப் போய் ஒவ்வொரு வேலையாகச் செய்து காட்டுகிற ஆஸ்கி பரீட்சையைக் கொண்டுவந்து ஐம்பது வருஷம் ஆகிறது. இங்கே ஆஸ்கி என்றால் எட்டு மேஜை, அடிக்க ஒரு மணி, ஒரு பிஸ்கட் பாக்கெட்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாம்புக்கடிக் கட்டுரைகளைத் தோண்டிக்கொண்டே போனபோது இலங்கைக்காரர்களின் இரண்டு ஆய்வுகள் கிடைத்தன. ஒன்று 2013. கண்ணாடி விரியன் கடித்த 140 பேர். ஆஸ்பத்திரி ஆட்கள் வழக்கமாகச் செய்கிற மாதிரியே அந்த டெஸ்டைச் செய்ததில், ரத்தம் உறையாத நிலையில் வந்தவர்களில் 40 சதவீதம் பேரைத்தான் அது பிடித்திருக்கிறது. மீதிப் பேருக்கு மருந்து தாமதம். இன்னொன்று 2017. அதே நாடு, அதே பாம்பு, அதே டெஸ்ட். ஆனால் குழாயின் அளவு, ரத்தத்தின் அளவு எல்லாம் நிர்ணயித்து, பயிற்சி பெற்றவர்கள் செய்தார்கள். 82 சதவீதம்.

நாற்பதுக்கும் எண்பத்திரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? புது மருந்தா, மெஷினா? ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு கடிகாரம், அதை ஆட்டாமல் வைக்கத் தெரிந்த ஒரு கை. இரண்டு ஆய்விலும் வேறு வித்தியாசங்கள் இருக்கலாம் என்று நீ கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சொல்வாய், தெரியும். இருக்கட்டும். எனக்கு அந்த இரண்டு எண்ணும் ராத்திரியெல்லாம் கண்முன் நிற்கின்றன. 2000லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் செத்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், வருஷத்துக்கு 58,000. அதில் எத்தனை சாவு கையெழுத்துப் போட்டவர்களால் என்று யார் எண்ணியது?

அதனால் ஒரு ஆய்வு எழுதினேன். கேள்வித்தாள் கிடையாது. கேஷுவாலிட்டியில் போய் நின்று, ஹவுஸ் சர்ஜன்கள் அந்த டெஸ்டை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது. பிறகு வார்டிலேயே கைபிடித்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது. எதிக்ஸ் கமிட்டிக்குக் கொண்டுபோனேன். பெரிய டாக்டர்கள் எல்லாம் சாம்பிள் சைஸ், தலைப்பில் ஒரு கமா, இதைத்தான் கேட்டார்கள். பொதுமக்கள் சார்பில் ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் இருக்கிறார். இரண்டு வருஷமாகக் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டுப் போகிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கேட்டார்: "அந்தத் தம்பி தப்பான குழாயை எடுக்கிறான்னு வச்சுக்குங்க. நீங்க நோட்டுல டிக் போட்டுட்டுப் பார்த்துக்கிட்டே நிப்பீங்களா டாக்டரம்மா?"

பதில் இல்லை எனக்கு. தடுத்தால் ஆய்வு போச்சு, தடுக்காவிட்டால் ஆள் போச்சு. அவர் அதோடு விடவில்லை. "உங்க ஸ்டூடண்ட் உங்ககிட்ட மாட்டேன்னு சொல்ல முடியுமா? கடிபட்டு வந்தவன் அந்த நேரத்துல படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவானா?" நாற்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைப் பார்த்த கண். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். இப்போதைய ஏற்பாடு இதுதான்: பார்க்கிறவர் சும்மா நிற்கமாட்டார், தனியாக ஒரு சரியான குழாயில் தானும் டெஸ்ட் போடுவார். சிகிச்சை அந்தக் குழாயின்படிதான். பையன் தப்புச் செய்தாலும் அது நோயாளியைத் தொடாது. சம்மதம் கேட்கப்போவது நானில்லை, வேறு துறைக்காரர். இந்த வடிவத்துக்கு ஹெட்மாஸ்டர் தலையாட்டினார். சிரிக்கவில்லை, தலையாட்டினார்.

நடுவில் ஒரு காமெடி. சொந்தக் காசில் ஒரு பெட்டி புதுக் கண்ணாடிக் குழாய் வாங்கி வார்டில் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் எல்லாம் பளபளவென்று ஸ்டாண்டில் கவிழ்ந்திருக்கின்றன. வார்டில் வேலை பார்க்கும் அக்கா, டாக்டரம்மா வாங்கி வைத்தது என்று சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்! சோப்பு பட்ட கண்ணாடியில் நல்ல ரத்தமே சரியாக உறையாது, கடிபடாதவனுக்கும் ஏ.எஸ்.வி. ஏற்றிவிடுவோம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு பெட்டி வாங்கினேன். "கழுவக் கூடாது" என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். அக்காவுக்கு இன்னும் என்மேல் வருத்தம். சுத்தமாக வைத்தது ஒரு குற்றமா என்று சிஸ்டரிடம் கேட்டாராம்.

இப்போது ஆய்வுக் கணக்குக்காக உன்னிடம் வருகிறேன், இலவசமாக. எங்களிடம் ஹவுஸ் சர்ஜன்கள் நூறு பேர். பாம்புக்கடி ராத்திரியில் வருகிற கேஸ்களில் ஒரே பையன் ஆறு பார்ப்பான், இன்னொருத்தி ஒன்றுகூடப் பார்க்கமாட்டாள். அந்த ஆறை ஆறு என்று எண்ணுவதா, ஒன்று என்று எண்ணுவதா? இங்கே கேட்டால் "சதவீதம் போட்டுக்குங்க மேடம்" என்கிறார்கள். ஆய்வுத் திட்டத்தை, அதான் புரோட்டோகாலை, மெயிலில் அனுப்பியிருக்கிறேன். சிவப்புப் பேனாவால் கிழி. பவர்பாயிண்ட் ஜோக்கை மட்டும் ஓரத்தில் எழுதாதே, என் ஆய்வு கைடு பார்ப்பார்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையன் இப்போது மெடிசின் போஸ்டிங் முடித்துவிட்டான். ஆனாலும் ராத்திரி கடி கேஸ் வந்தால் எங்கிருந்தாலும் வந்துவிடுகிறான். நேற்று பன்னிரண்டரைக்கு ஒரு அம்மா, களையெடுத்த வயலில் செருப்பைத் தேடப் போனவர். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு கண்ணாடிக் குழாய் ஏற்கெனவே ஸ்டாண்டில் நிற்கிறது. என்னைப் பார்த்ததும், "மேடம், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேணும், கன்ட்ரோலுக்கு ஆள் இல்லை, கையை நீட்டுங்க" என்றான். நீட்டினேன். என் ரத்தம் இரண்டு மில்லி, பக்கத்துக் குழாயில். அலாரம் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். பதினைந்து நிமிஷத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை, லேசாகச் சாய்த்துப் பார்க்கலாமே என்று கை போனது.

"தொடாதீங்க மேடம். இன்னும் அஞ்சு நிமிஷம்."

அலாரம் அடித்தது. என்னுடையதைச் சாய்த்தான், ஆடாமல் கடல்பாசி மாதிரி நின்றது. அந்த அம்மாவுடையதைச் சாய்த்தான். தண்ணீராக விரல் வழியே ஓடியது. கிளவுஸைக்கூடக் கழற்றாமல் சிஸ்டரைப் பார்த்து, "ஏ.எஸ்.வி. பத்து பாட்டில்" என்று கத்தினான்.

ஆறு மணி நேரம் கழித்து எடுத்த அடுத்த குழாய் உறைந்துவிட்டது. காலையில் அந்த அம்மா இட்லி கேட்டார்.

சரி, ஓ.பி. கூப்பிடுகிறது. மாவடு ஜாடியை உன் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், அவன் வழியில் திறந்திருந்தால் நான் பொறுப்பில்லை. பதில் எழுது. கட்டைவிரல் பொம்மை போட்டாயோ, தொலைத்துவிடுவேன்.

உன்
கலா