வாத்தின் படம் கிடைத்தது

அன்புள்ள மகனுக்கு, அப்பா சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுவது.

போனை நீ எடுக்காததால், சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்பிலேயே கடிதமாக எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் இல்லாமல் நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வீட்டு வாத்து அன்று. செம்பழுப்பு உடலையும் நீண்ட கழுத்தையும் பார்த்தால், மலாய்க்காரர்கள் பெலிபிஸ் என்று சொல்லும் சீழ்க்கைச் சிறகி. பத்து காஜாப் பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் அவை கூட்டமாக இறங்கும். அடிபட்டதைக் கண்டும் காணாமல் போகாமல், உன் சட்டையைக் கழற்றிப் போர்த்தித் தூக்கியிருக்கிறாய். எனக்கு அதில் பெருமைதான். வேலைநாளில் அந்த நேரத்தில் நீ எப்படிக் குட்டைக் கரையில் இருந்தாய் என்று அம்மா கேட்டாள். விடுப்பில் இருப்பான் என்றேன்.

முதலில், அதன் வாயில் தண்ணீர் ஊற்றாதே. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால், நாம் ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். ரொட்டியும் கொடுக்காதே. காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, அதில் வைத்து மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விட்டுவிடு. அடிக்கடி திறந்து பார்த்தால், அந்தப் பயமே அதைக் கொன்றுவிடும். தூண்டில் நரம்பு தொங்கினால் பிடித்து இழுக்காதே. முள் உள்ளே எங்கே மாட்டியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. பறவைக் காய்ச்சல் உள்ள காலம் என்பதால் கையுறை போட்டுத் தொடு, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவு, கீழ்வீட்டுக் கோழிகளின் பக்கம் கொண்டுபோகாதே.

இறக்கைக்குக் கட்டுப்போடலாமா என்று நீ யோசிப்பாய். தோட்ட மருத்துவமனையில் டிரெசராக எத்தனையோ பேருடைய கை கால்களுக்குக் கட்டுப்போட்ட நானே அதில் கை வைக்க மாட்டேன். நமக்கு உள்ள உதரவிதானம் பறவைக்கு இல்லை. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் அதற்கு மூச்சு. உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினால், இறக்கை நேராவதற்குள் மூச்சு நின்றுவிடும். ஆகவே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தை அழைத்துச் சொல். பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமில்லாமல் வீட்டில் வைத்திருப்பது 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கூட்டத்தோடு வாழும் உயிர், ஓர் அறையில் தனியாக அடைந்து கிடந்தால் தீனியைத் தொடாமலே மெலிந்துவிடும். தானே சரியாகிவிடும் என்று நாளைக் கடத்துவது உன் பழைய வழக்கம். இந்த விஷயத்தில் அது வேண்டாம். தெரிந்தவர்கள் இருக்கும்போது அவர்களிடம் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுபடியும் சொல்கிறேன், வாயில் தண்ணீர் ஊற்றாதே.

கார் பட்டறையில் இருப்பதாகப் போன மாதம் சொன்னாய். அது இன்னும் வரவில்லை என்றால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறாதே. ஆட்டத்திலும் இரைச்சலிலும் அது மிரண்டுவிடும். இங்கிருந்து ஈப்போவுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அம்மா ஏற்கெனவே சேலை மாற்றிவிட்டாள். நாங்கள் வருகிறோம்; பெட்டியைத் தயாராக வைத்திரு, கதவைத் தட்டினால் திற.

அப்பா