சும்மா கிடைக்குற ரீஃப் டேங்க்கை வாங்கலாமா

அடியே,

உன் லெட்டரை ரெண்டு வாட்டி படிச்சேன். பொண்ணு வேலைக்குச் சேர்ந்தாச்சு, நீ வீடு மாத்தி மாடிக்குப் போயாச்சு, முட்டி வலி மட்டும் கூடவே வந்துடுச்சு, எல்லாம் சரி. ஆனா கடைசி வரியில போற போக்குல ஒன்னு எழுதியிருக்க பாரு, கூட வேலை பாக்குறவங்க அவங்க ரீஃப் டேங்க்கை, அதான் உப்புத்தண்ணியில பவளமும் மீனும் வளர்க்குற கண்ணாடித் தொட்டியை, சும்மாவே தர்றாங்க, எடுத்துக்கவா, நீதான் இப்ப வச்சிருக்கியே சொல்லுன்னு. அதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது, டீயை போட்டுட்டு வந்து உக்காரு.

நானும் புதுசுதான், நான் எடுத்ததும் செகண்ட் ஹேண்ட்தான். ஒருத்தர் ஊர் மாறிப் போறாருன்னு மொத்தமா கொடுத்தாரு, டேங்க், ஸ்டாண்டு, கீழ சம்ப்னு ஒரு குட்டித் தொட்டி, தண்ணியில இருக்குற அழுக்கை நுரையாப் பிரிச்சு எடுக்குற ஸ்கிம்மர், லைட்டு, பம்பு, கல்லு எல்லாம். பாக்குறவங்க எல்லாரும் கண்ணாடியையும் லைட்டையும்தான் பாக்குறாங்க, ஆனா இதுல உண்மையான சொத்து அந்தக் கல்லுதான்டி. லைவ் ராக்னு சொல்வாங்க, கல்லுல இருக்குற ஓட்டைக்குள்ள எல்லாம் பாக்டீரியா குடியிருக்கு, மீன் கழிவுல வர்ற அமோனியாவை அதுங்க நைட்ரைட்டாக்கி அப்புறம் நைட்ரேட்டாக்கும், அமோனியா மீனைக் கொல்லும், கடைசியா வர்ற நைட்ரேட் ஓரளவுக்கு இருந்தா பரவாயில்ல. புதுசா காஞ்ச கல்லு வாங்கி ஆரம்பிச்சா அந்தக் கூட்டம் உருவாகவே நாலு வாரம், ஆறு வாரம்னு இழுக்கும். பழைய டேங்க்னா அது ரெடியா வருது. அதை உயிரோட கொண்டு வர்றதுலதான் எல்லாமே இருக்கு.

அதனால அவங்க கிட்ட முதல் கேள்வி டேங்க் எத்தனை லிட்டர்னு இல்ல, இப்ப தண்ணியோட ஓடிட்டு இருக்கா இல்ல காயப்போட்டு வச்சிருக்கீங்களான்னு கேளு. ஓடிட்டு இருந்தா கல்லை அந்தத் தண்ணியிலயே மூடி போட்ட டப்பால முங்க வச்சு எடுத்துட்டு வா. வழியில காஞ்சா உள்ள இருக்குறது செத்துப் போகும், நீ மறுபடி தண்ணியில போட்டதும் அழுகி அமோனியா ஏறும். பழைய தண்ணியைக் குடம் குடமா தூக்கிட்டு வர்றதுல பெரிய லாபம் இல்ல, பாக்டீரியா தண்ணியில ரொம்ப கம்மி, கல்லுலயும் மணல்லயும்தான் ஒட்டியிருக்கும். மணல்லயும் இருக்கேன்னு அதை அள்ளிட்டு வராத. வருஷக்கணக்கா அடியில அழுக்கு இறங்கி, காத்து போகாம, கிளறுனா அழுகின முட்டை வாசனை வரும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. நான் மணலைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கினேன்.

ரெண்டாவது கேள்வி, எப்பவாச்சும் அந்த டேங்க்ல காப்பர் மருந்து போட்டீங்களான்னு கேளு, கூச்சப்படாம கேளு. மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தா காப்பர் போடுவாங்க, மீன் பிழைச்சிடும், ஆனா நத்தை, இறால், பவளம் எதுக்கும் அது ஆகாது. கல்லும் மணலும் அதை இழுத்து வச்சுக்கிட்டு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விடும். ஆமான்னு சொன்னாங்கன்னா அந்தக் கல்லு வேண்டாம்.

இன்னொன்னு சொல்றேன், இதுல விளையாடாத. கல்லுல பட்டன் பட்டனா, பூ மாதிரி ஒட்டியிருக்கும், ஸோவான்னும் பேலித்தோவான்னும் சொல்வாங்க. அதுல சிலதுக்குள்ள பேலிடாக்ஸின்னு ஒரு விஷம், ரொம்ப மோசமான விஷம். சுத்தம் பண்றேன்னு கல்லைக் கொதிக்க வைக்காத, சுடுதண்ணி ஊத்தாத, பிரஷ் வச்சுத் தேய்க்காத. அந்த ஆவியை மூச்சுல இழுத்து வீட்டோட ஆஸ்பத்திரியில படுத்த கதையெல்லாம் நிஜம். கல்லைத் தொடும்போது கிளவுஸும் கண்ணாடியும் போட்டுக்கோ, கையில வெட்டுக் காயம் இருந்தா தொடவே தொடாத.

இப்ப உன் மாடி விஷயம். தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ, உப்புத்தண்ணி அதுக்கு மேல கொஞ்சம். 200 லிட்டர் டேங்க்னா தண்ணி மட்டுமே 200 கிலோவைத் தாண்டுது, அதோட கண்ணாடி, கல்லு, மணல், ஸ்டாண்டு, சம்ப் எல்லாம் சேத்தா 300 கிலோ தாண்டிரும், அதுவும் ஒரே இடத்துல நாள் முழுக்க நிக்கிற எடை. வீட்டு ஓனர் கிட்ட கேளு, கட்டடம் தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வந்து காட்டு, ஹால் நடுவுல வைக்காம தாங்குற சுவர் ஓரமா வை. ஸ்டாண்டு லெவல் பாக்காம தண்ணி ஊத்தாத, ஒரு பக்கம் சாஞ்சு நின்னா ஒட்டின இடத்துல இழுவை விழும்.

நான் வெளியில வச்சு சாதாரண தண்ணி ரொப்பி சில நாள் விட்டுப் பாத்துட்டுதான் உள்ள கொண்டு வந்தேன், கீழ பேப்பர் விரிச்சா ஒரு சொட்டு ஒழுகினாலும் தெரிஞ்சிடும். பம்பு, ஸ்கிம்மர் எல்லாம் வெள்ளை வினிகர்ல ஊற வச்சா அந்தச் சுண்ணாம்புப் படிவம் நுரைச்சுக்கிட்டு கழண்டு வரும், பாக்கவே நல்லா இருக்கும். சோப்பு மட்டும் கிட்டயே வரக்கூடாது. பழசுல நான் நம்பாதது ஹீட்டர், அது ஆன்லயே மாட்டிக்கிச்சுன்னா டேங்க்கையே வேக வச்சிடும், அதனால புதுசு. தண்ணியைச் சோதிக்கிற டெஸ்ட் கிட்டும் புதுசு, அந்த மருந்துக்கெல்லாம் எக்ஸ்பயரி இருக்கு. மத்தபடி பழசே போதும்.

அப்புறம் கரண்ட் போற டெஸ்ட், இதை யாரும் ஒழுங்கா சொல்றதில்ல. சம்ப்புல இருந்து தண்ணியை மேல ஏத்துற ரிட்டர்ன் பம்பு நின்னா மேல டேங்க்ல இருக்குற தண்ணி கொஞ்சம் கீழ சம்ப்புக்கு இறங்கும். பம்புல இருந்து மேல வர்ற குழாயோட வாய் தண்ணிக்குள்ள ஆழமா இருந்தா அதுவும் சைஃபன் ஆகி உறிஞ்சி விட்டுக்கிட்டே இருக்கும், சம்ப் ரொம்பி தரையெல்லாம் கடல்தான், உன் வீட்டுல கீழ் வீட்டுக்காரங்க கூரையும் கடல்தான். நான் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தேன், மேல தண்ணி மெதுவா இறங்குது, குழாய் வாய் வெளிய தெரிஞ்சதும் கொர்ருனு காத்தை இழுத்துச்சு, அவ்வளவுதான், நின்னுடுச்சு. அப்ப சம்ப்ல பம்பு ஓடும்போது தண்ணி எதுவரைக்கும் இருக்கலாம்னு மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சேன், அதுக்கு மேல ஊத்துறதே இல்ல. வயர் எல்லாம் பிளக்குக்குக் கீழ தொங்கி வளைஞ்சு மேல போற மாதிரி விடு, வயர் வழியா வர்ற தண்ணி பிளக்குக்குப் போகாம கீழ சொட்டிடும்.

உப்புத்தண்ணி கலக்குறது நீ பயப்படுற அளவுக்கு இல்ல. ஆர்ஓ டிஐ தண்ணி, அதாவது கரைஞ்சு கிடக்குறதையெல்லாம் வடிகட்டி எடுத்த தண்ணி, டிடிஎஸ் மீட்டர்ல பூஜ்யம் காட்டணும், அதுல ரீஃப் சால்ட். கடல்ல ஆயிரத்துக்கு 35, அதாவது லிட்டருக்கு 35 கிராம் சுமாருக்கு, டென்சிட்டியா பாத்தா 1.025, 1.026 பக்கம். உப்பளவு பாக்குற ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினா 35 காட்டுற கேலிபரேஷன் திரவமும் சேத்தே வாங்கு, வெறும் தண்ணியில பூஜ்யம் வச்சுட்டு நம்பிடாத. தினமும் தண்ணி குறையும், அப்ப உப்புத்தண்ணி ஊத்தக்கூடாது, ஆவியாப் போறது வெறும் தண்ணிதான், உப்பு உள்ளயேதான் நிக்குது, அதனால நல்ல தண்ணி மட்டும் ஊத்தணும். வெப்பம் 25, 26 டிகிரி.

பழைய கல்லுன்னாலும் நான் அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம்னு காட்டுற வரைக்கும் எதையும் விடல. வீட்டுல ஒரே கிண்டல், மீனே இல்லாத டேங்க்குக்கு இவ லைட் போட்டு உக்காந்து பாக்குறான்னு. ஆனா பாக்குறதுக்கு இருக்குடி. கல்லோட வந்த குழாய்ப் புழு ஒன்னு, விசிறி மாதிரி விரிச்சுட்டு நிக்கும், என் கை நிழல் விழுந்தா போதும் டபக்குனு உள்ள இழுத்துக்கும், அப்புறம் சந்தேகத்தோட நுனியை மட்டும் நீட்டிப் பாக்கும். ராத்திரி டார்ச் அடிச்சா கல்லிடுக்குல முள்ளுப்புழு ஊரும், அது மிச்சம் மீதியைத் தின்னு சுத்தம் பண்ற ஜீவன்தான், வெறும் கையில மட்டும் தொடாத, முள்ளு ஏறிடும். அப்புறம் பழுப்பு கலர்ல ஒரு தூசி எல்லாத்து மேலயும் படியும், டயாட்டம்னு ஒரு வகைப் பாசி, பயந்துடாத, நிறைய புது டேங்க்ல வர்றதுதான், நத்தைங்களை விட்டா மேயும். கண்ணாடி மாதிரி ஒரு குட்டி அனிமோன் வரும், ஐப்டேசியா, அதை மட்டும் பிச்சு எடுக்காத, ஒவ்வொரு துண்டும் இன்னொன்னா வளரும்.

இப்ப என் கிட்ட ரெண்டு கிளவுன் ஃபிஷ், அவ்வளவுதான். ரெண்டுல பெருசு பொம்பளை, அது போயிட்டா சின்ன ஆம்பளையே பொம்பளையா மாறிடும், நீ சிரிப்ப, ஆனா உண்மை. பவளத்துல மஷ்ரூம் மாதிரி மெத்து வகை மட்டும். அதுங்க உடம்புக்குள்ள இருக்குற பாசிதான் வெளிச்சத்துல சாப்பாடு தயாரிச்சுக் கொடுக்குது, அதனால லைட்டைக் கம்மியா வச்சு வாரக்கணக்குல ஏத்தினேன். கால்சியம் 420, ஆல்கலினிட்டி (தண்ணி அமிலமாகாம தாங்குற சக்தி) 8, 9 அப்படின்னு எல்லாரும் நம்பர் சொல்வாங்க, என் அனுபவத்துல நம்பர் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் தினம் தினம் ஆடாம இருந்தா போதும். தினம் ஒரு பாட்டில் மருந்து ஊத்துறவங்க டேங்க்கை விட வாரம் பத்து சதவீதம் தண்ணி மாத்திட்டு சும்மா இருக்குறவங்க டேங்க்தான் நல்லா இருக்கு. நமக்கு ஹாஸ்டல்லயே சும்மா இருக்க நல்லா வரும், அதனால உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. உன் பொண்ணு நீல டேங்னு ஒரு மீன் கேப்பா, கார்ட்டூன்ல பாத்திருப்பா, கொடுத்துடாத, அது ஒரு அடிக்கு வளருற மீன், நாள் முழுக்க நீந்த இடம் வேணும்.

முதல்ல கீழ் வீட்டுக்காரங்களும் ஓனரும் என்ன சொல்றாங்கன்னு பாரு. அப்புறம் டேங்க்கைப் பாக்கப் போறப்ப நாலு மூலையிலயும் சிலிகான் ஒட்டின இடத்தைக் கிட்டப் போய் போட்டோ எடுத்து அனுப்பு, குமிழியோ உரிஞ்ச மாதிரியோ இருக்கான்னு பாக்கணும். கல்லையும் தனியா எடு. பாத்துட்டு சொல்றேன், அதுவரைக்கும் சரின்னு தலையாட்டிட்டு வந்துடாத.

உன் பழைய ரூம்மேட்