சின்னக் கோப்பையில் 375 கலோரி

மச்சான்,

நான் அனுப்பிய சொக்லேட் கஸ்டட் படத்தைப் பார்த்துவிட்டு "இதென்ன கறுப்பு வட்டிலப்பமா" என்று கேட்டிருந்தாய். கிட்டத்தட்ட அதேதான், வட்டிலப்பமும் முட்டையில் இறுகுகிற இனிப்புத்தானே. தேங்காய்ப்பாலுக்குப் பதில் கிறீம், வெல்லச் சர்க்கரைக்குப் பதில் சொக்லேட், ஆவிக்குப் பதில் அவண். இங்கே பாரிஸில் இதற்கு 'பொ து க்றெம்' என்று பெயர், கிறீம் சாடி என்றுதான் அர்த்தம்.

போன ஞாயிறு செய்தது ஆறு கோப்பை: 300 மி.லி. கிறீம், 200 மி.லி. பால், நாலு மஞ்சட்கரு, 70 வீதச் சொக்லேட் 120 கிராம், சீனி 40 கிராம். தட்டில் கோப்பைகளை அடுக்கி, பாதி உயரத்துக்குச் சுடுதண்ணீர் ஊற்றி, 150 பாகையில் அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்தேன். முதல் தடவை தண்ணீரெல்லாம் எதற்கு என்று சும்மா வைத்து எடுத்தேன், ஓரமெல்லாம் திரைந்து முட்டைப்பொரியல் மாதிரி வந்தது, சொக்லேட் போட்ட முட்டைப்பொரியலை நீ தின்றிருக்க மாட்டாய். கோப்பையை மெல்ல ஆட்டினால் ஓரம் இறுகி நடு மட்டும் தளும்ப வேண்டும், அப்போதே எடுத்துவிடு, மிச்சம் தன் சூட்டிலேயே இறுகும். இருபது நிமிடம் பொறுத்து இளஞ்சூடாகச் சாப்பிட்டால் கரண்டி வழுக்கிக்கொண்டு போகும். குளிரூட்டியில் வைத்தால் கொக்கோ வெண்ணெய் உறைந்து கெட்டியாகிவிடும், எனக்கு அது அவ்வளவு பிடிப்பதில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது, இதைச் சாப்பிடலாமா என்று எழுதியிருந்தாயே, அதனால் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு கோப்பைக்கு ஏறத்தாழ 375 கலோரி. எல்லாரும் சீனியைத்தான் திட்டுவார்கள், ஆனால் சொக்லேட்டில் உள்ளதையும் சேர்த்தால்கூட சேர்த்த சீனி 12, 13 கிராம்தான் வருகிறது. கொழுப்புத்தான் 30 கிராம், அதிலும் கொலஸ்ட்ரோலை ஏற்றுகிற நிறைவுற்ற கொழுப்பு 17 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஆளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லையே கிட்டத்தட்ட 22 கிராம்தான். சொக்லேட்டில் இரும்புச்சத்து இருக்கிறது, மக்னீசியம் இருக்கிறது என்று உன் மனைவியிடம் சமாளிக்கலாம், உண்மையும்தான், ஆனால் 20 கிராம் சொக்லேட்டில் எவ்வளவு வந்துவிடப் போகிறது!

கிறீமை விட்டுவிட்டு முழுக்கப் பாலிலேயே செய்து பார், 240 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு ஏழெட்டுக் கிராம். வழவழப்புக் குறையும், பொய் சொல்லவில்லை. ஆனால் சூட்டோடு சாப்பிட்டால் அவ்வளவு தெரியாது.

அப்புறம், அம்மா வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை போடுவா என்று கேட்டு எழுது. இங்கே செய்தால் எனக்குத் தண்ணியாகவே வருகிறது.

உன் பழைய கூட்டாளி