நோட்டில் பொய் எழுதாதே, மக்களே

அன்புத் தங்கச்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் குரலைத் தாழ்த்தி, "அக்கா, மத்தியானம் சர்க்கரை 168 வந்துது, நோட்டுல 118-ன்னு எழுதிட்டேன், மாமிகிட்ட சொல்லிராத" என்றாயே, அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மாமியிடம் சொல்லவில்லை. ஆனால் நம் பக்கத்தில் உன்னைப் போல மாசமாக இருக்கும்போது சர்க்கரை வந்து, நோட்டைத் திருத்துகிற பிள்ளைகள் நிறைய இருப்பார்கள் என்று தோன்றியதால், உன் பெயரைச் சொல்லாமல் இங்கேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. அந்த வேலையை உனக்கு முன்னால் செய்தவள் நான்.

சின்னவன் வயிற்றில் இருக்கும்போது, 75 கிராம் குளுக்கோஸைக் கலக்கிக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு, எனக்கு 161. அப்புறம் மீட்டரும் நோட்டும் கைக்கு வந்தன. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் அதைப் பரீட்சை மார்க் மாதிரி எடுத்துக்கொண்டேன். ராத்திரி ஒரு டம்ளர் மோரோடு படுத்துவிடுவேன், அப்படியும் எண் கூடினால் பேனா இருக்கிறதே. அடுத்த செக்கப்பில் சிறுநீரில் கீட்டோன் இருந்தது. பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கும், அதுதான் கீட்டோன், பிள்ளைக்கு நல்லதில்லை என்று சொல்லிவிட்டு, டாக்டர் என் பையிலிருந்து மீட்டரை எடுத்து ஒரு பட்டனை அழுத்தினார். பழைய எண்கள் எல்லாம் வரிசையாக வந்தன. மீட்டருக்கு ஞாபகசக்தி உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் திட்டவில்லை. "நீங்க எழுதினதை நம்பித்தானே நான் மருந்து எழுதணும்?" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நீ இனிப்பு தின்றதால் வந்தது என்று மாமி சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நஞ்சுக்கொடியில் சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். மாதம் ஏற ஏற அது கூடும். போன மாதம் 110 காட்டிய அதே சாப்பாடு இந்த மாதம் 150 காட்டினால் அது உன் தப்பு இல்லை. உன் ரத்தத்தில் கூடுகிற சர்க்கரை கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், பிள்ளை தன் கணையத்தில் இன்சுலினைக் கூட்டிச் சுரந்து கொழுக்கும். அதனால்தான் இந்த எண்ணுக்கு இத்தனை பாடு.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் சில நம்பிக்கைகளை விடவே மாட்டார்கள். கருப்பட்டி சீனி இல்லையாம்! மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கருப்பட்டிக் காப்பியும் ஏற்றத்தான் செய்யும். மட்டை அரிசிச் சோறு நல்லதுதான், ஆனால் கிண்ணத்தில் அளந்து போட்டால்தான் நல்லது, குவித்துப் போட்டால் அதுவும் வெள்ளைச் சோறு மாதிரித்தான். மரச்சீனிக் கிழங்கும் மீனும் சேர்ந்தால் சொர்க்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிழங்கு முழுக்க மாவு. நாலு துண்டோடு நிறுத்தி மீனைக் கூடச் சாப்பிடு, அன்றைக்குச் சோறு வேண்டாம். எனக்குப் புட்டும் ஏத்தம்பழமும் 171 காட்டின. அதே புட்டில் பாதியை எடுத்துச் சிறுபயறும் ஒரு முட்டையும் சேர்த்தபோது 122. முதலில் காய்கறித் துவரனும் மீனும், கடைசியில் சோறு என்று மாற்றிப் பார், எனக்கு அது கேட்டது. சாப்பிட்டதும் படுக்காதே, முற்றத்தில் பதினைந்து நிமிஷம் நட. ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் சீனி போடாத பால், கொஞ்சம் கடலை. பட்டினியை மட்டும் மறந்துவிடு.

ஒரு தமாஷும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் 210 வந்து பதறிப்போனேன். பலாச் சக்கை அரிந்த கை, எண்ணெயைத் துடைத்துவிட்டு அப்படியே குத்தியிருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து மறுபடி குத்தினால் 116. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்து, வலி குறையும். இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல.

இன்சுலின் பேச்சு வந்ததும் அழுதாயாமே. சாப்பாடும் நடையும் போதாதபோது கொடுப்பதுதான் அது. ஒருதடவை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போடவேண்டும் என்பது வெறும் பேச்சு. இன்சுலின் கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது, நஞ்சு விழுந்ததும் பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடும், எனக்கு மறுநாளே நின்றது. வியர்த்துக் கை நடுங்கி 70-க்குக் கீழே வந்தால் மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார். அதே டோஸுக்குத் திடீரென்று சர்க்கரை அடிக்கடி இறங்கத் தொடங்கினால், குணமாகிறது என்று சந்தோஷப்படாமல் டாக்டரைக் கூப்பிடு.

இப்போது உனக்கு 34 வாரம். ஒவ்வொரு நாளும் சாப்பிட்டபின் இடப்பக்கம் சாய்ந்து படுத்துப் பிள்ளையின் அனக்கத்தை, அதாவது அசைவை எண்ணு. இரண்டு மணி நேரத்தில் பத்து வர வேண்டும். குறைந்தாலோ, எப்போதும்போல இல்லை என்று தோன்றினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே. பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் பாலராமபுரத்து நெரிசல் உனக்கே தெரியும். பகலில் எந்த ஆஸ்பத்திரி, நடுராத்திரியில் எந்த ஆஸ்பத்திரி என்று மாப்பிள்ளையிடம் இப்போதே பேசிவை. ஆம்புலன்ஸுக்கு 108, கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே எண்தான். அம்மா வீட்டுக்கு வந்தபின் வலி வந்தால், அந்தப் பக்கத்துச் சீட்டுகள் எல்லாம் இந்தப் பக்கத்தில் கையில் இருக்க வேண்டும்: தாய் சேய் அட்டை, ஸ்கேன், ரத்த வகை, இன்சுலின் டோஸ், அந்த நோட்டு. ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிடு. வலி தொடங்கிய அன்று இன்சுலின் போடலாமா என்பதை அடுத்த செக்கப்பிலேயே கேட்டு எழுதிக்கொள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தானாக வலி வரக் கொஞ்சம் காத்திருப்பார்கள், ஆனாலும் 40 வாரத்துக்கு மேல் விட யோசிப்பார்கள். பிள்ளையின் எடையை ஸ்கேன் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லும். என்னிடம் நாலு கிலோ என்றார்கள், பிறந்தது மூன்றரை.

பிறந்ததும் பிள்ளையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள், பயப்படாதே. உள்ளே இருந்தபோது கூட்டிச் சுரந்த பழக்கத்தில் வெளியே வந்ததும் அதற்குச் சர்க்கரை இறங்கலாம். முதல் மணி நேரத்துக்குள் சீம்பால் கொடு. பாட்டி சேனை தொட்டு வைக்கத் தேனோடு நிற்பார், அதை எப்படித் தடுப்பது என்று எனக்கு இன்னும் வழி தெரியவில்லை, உன் மாப்பிள்ளையைத்தான் வாசலில் நிறுத்தவேண்டும். தேன் ஒரு வயதுவரை கூடாது. ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் குடித்து டெஸ்ட் எடுக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் போவது என்று நான் ஐந்து மாதம் தள்ளினேன். நீ தள்ளாதே, பிற்காலத்தில் சர்க்கரை வருகிற வாய்ப்பு நமக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு. நான் வந்து பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறேன்.

சரி, இப்போதைக்கு ஒன்று செய். அந்த 118-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 168 என்று எழுது. இன்று ராத்திரி என்ன வருகிறதோ அதையும் எழுதி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. சக்கை தின்றிருந்தால் எத்தனை சுளை என்பதையும் சேர்த்து எழுது.

உன் அக்கா
மார்த்தாண்டத்திலிருந்து