சிந்த்ராவுக்குக் கூட்டிப் போகும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். முழங்கால் வலிக்காரர்கள், மாத்திரை டப்பாவைத் தொலைப்பவர்கள், தயிர்சாதம் கேட்பவர்கள் எல்லோரையும் ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போய் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறீர்கள். லேசான வேலை இல்லை. அதனால் சண்டை போட எழுதவில்லை. போர்ச்சுகலின் லிஸ்பனிலிருந்து சிந்த்ரா மலைக்குப் போகும் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் ஒரு கோரிக்கை.

அந்த நாளில் நீங்கள் எங்களுக்குக் காட்டியது பேனா அரண்மனை. மஞ்சளும் சிவப்புமாக உச்சியில் நிற்கிறது, படம் எடுக்க அருமையான இடம். குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த அரண்மனையே ஒரு பழைய துறவு மடத்தின் மேல் எழுந்ததுதான். 1834-இல் போர்ச்சுகல் அரசு ஆண் துறவியரின் சபைகளையெல்லாம் கலைத்து, மடங்களின் சொத்தை எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் அகியாருக்கு ‘துறவிக்கொல்லி’ என்று ஊரே பட்டப்பெயர் வைத்தது. பேனா மலை மடத்தை 1838-இல் அரசர் ஃபெர்னாந்து வாங்கி அரண்மனையாக்கினார். அதே மலையில், அதே சட்டத்தால் காலியான இன்னொரு மடம் இருக்கிறது. அதை யாரும் அரண்மனை ஆக்கவில்லை. ஆக்கவும் முடியாது. அங்கே நிமிர்ந்து நிற்கவே இடம் இல்லை!

கபூஷுஸ் மடம் என்பார்கள். முழுப்பெயர் திருச்சிலுவை மடம். சிந்த்ரா ஊரிலிருந்து காட்டுப் பாதையில் சுமார் 7 கிலோமீட்டர். மறு வருடம் தனியாகப் போனபோதுதான் பார்த்தேன்.

முதலில் கட்டடமே கண்ணில் படவில்லை. பாசி படிந்த பெரிய கருங்கற் பாறைகள், இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு வாசல், அவ்வளவுதான். உள்ளே போனால்தான் பாறையே சுவர், பாறையே கூரை என்பது புரிகிறது. சின்னக் கோயில் ஒன்று பாறைக்குள் ஒடுங்கியிருக்கிறது. பிறகு குறுகிய நடை, அதன் ஓரமாகத் துறவிகளின் அறைகள். அறை என்பது பெரிய வார்த்தை. ஒருவர் முடங்கிப் படுக்கலாம். வாசல்களின் உயரம் இடுப்புக்குக் கொஞ்சம் மேல் இருக்கும், மண்டியிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒவ்வொரு முறை படுக்கப் போகும்போதும் அந்தத் துறவி மண்டியிட்டாக வேண்டும். அவருடைய பணிவைக் கதவின் அளவை வைத்தே கறந்திருக்கிறார்கள். சாப்பாட்டு அறையில் மேசைக்குப் பதில் ஒரு கல் பலகை. பின்னாளில் அரசரான கர்தினால் என்ரிக் கொடுத்தது என்கிறார்கள்.

அப்புறம் கார்க். பாட்டில் மூடியாக நாம் பார்க்கிற அதே கார்க்தான், ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. கதவு, ஜன்னல், கூரையின் அடிப்பக்கம் என்று எங்கும் அதை அடித்திருக்கிறார்கள். அட்லாண்டிக் கடல் பக்கத்திலேயே இருப்பதால் கோடையிலும் மூடுபனி ஏறி வரும் மலை இது. கருங்கல் சில்லிட்டுப் போகும். கார்க் பட்டை குளிரைத் தடுக்கும், ஈரத்தை உள்ளே விடாது, சத்தத்தையும் விழுங்கிவிடும். மரத்தை வெட்டவும் வேண்டாம். பட்டையை உரித்தால் வளர்ந்துவிடும், மறுபடி உரிக்க ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. காசில்லாத துறவிகளுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. பெயர் சொல்லும் கட்டடக் கலைஞர் யாரும் கட்டியதில்லை. ஆனாலும் வெளியிலிருந்து வரும் ஒலி கதவுக்குள் போனதும் நின்றுவிடுவதைக் கேட்டுப் பாருங்கள், புத்திசாலித்தனம் தெரியும்.

1581-இல் போர்ச்சுகல் அரியணைக்கு வந்த ஸ்பெயின் அரசர் ஃபிலிப் இங்கே வந்ததாகவும், என் ராஜ்யத்தில் எனக்குப் பிடித்தவை இரண்டு, செல்வத்துக்காக ஸ்பெயினில் நான் கட்டும் எஸ்கோரியல் அரண்மனை, வறுமைக்காக இந்த மடம் என்று சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. எஸ்கோரியல் அப்போது முழுதாகக் கட்டி முடிந்திருக்கவில்லை. ஆனாலும் கதை அழகாக இருப்பதால் விட்டுவிடுவோம்.

உங்களை நான் பிடித்துக்கொள்ள இன்னொரு காரணம் உண்டு. இந்த மடத்தின் கதையில் பாதி இந்தியாவில் நடக்கிறது. மடத்தை 1560-இல் கட்டியவர் ஆல்வரோ டி காஸ்ட்ரோ. தன் தந்தையின் விருப்பப்படி கட்டியதாகக் கோயிலில் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார். தந்தை ஜோவாவ் டி காஸ்ட்ரோ, போர்ச்சுகல் சார்பில் கோவாவில் ஆட்சி செய்தவர். மான் வேட்டையில் வழி தவறி இந்தப் பாறை ஒன்றின் கீழ் தூங்கியபோது, இங்கே ஒரு கோயில் எழும்ப வேண்டும் என்று கனவு கண்டாராம். அந்தப் பக்கம் ஐதீகம். இந்தப் பக்கம் வரலாறு: 1546-இல் குஜராத் கரையில் போர்ச்சுகீசியரின் டையூ கோட்டை முற்றுகைக்கு உள்ளானபோது ஒரு மகனைப் பறிகொடுத்தார். இடிந்த கோட்டையைத் திரும்பக் கட்டக் கடன் கேட்டபோது, தன் தாடி மயிரையே கோவா நகரத்தாருக்கு ஈடாக அனுப்பினார். வைசிராய் பட்டம் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில், 1548-இல் கோவாவிலேயே இறந்தார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் சவேரியார். ஆமாம், நம் முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர் ஊராக நடந்த அதே சவேரியார்தான்.

இதைச் சொல்லும்போது காஸ்ட்ரோவைப் புனிதராக்கிவிடாதீர்கள். டையூ வெற்றிக்குப் பின் குஜராத் கரையோர ஊர்களை அவருடைய படைகள் எரித்தன. சிந்த்ராவில் அவருக்கிருந்த பென்யா வெர்டே தோட்டத்தில் குஜராத்தின் சோமநாதர் கோயில் பக்கத்துச் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று இருந்தது. 1287-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல், சிவன் கோயில்கள் எழுப்பிய திரிபுராந்தகர் என்ற பாசுபதச் சைவத் துறவியைப் பற்றிப் பேசுகிறது. துறவியருக்கு மடம் கட்ட விரும்பியவர் வீட்டில் இன்னொரு துறவியின் கல்! உங்கள் வழிகாட்டி இந்த ஒன்றைச் சொன்னாலே போதும், பேருந்தில் யாரும் தூங்க மாட்டார்கள்.

ஆரம்பத்தில் இங்கே எட்டுத் துறவிகள்தான். அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸின் வழியில், போர்ச்சுகலின் அராபிதா மலையில் கிளைத்த கடுந்தவப் பிரிவினர். அவர்களில் ஒனோரியோ என்பவருக்கு அந்தக் குறுகிய அறை வாழ்க்கையும் அதிகமாகப் பட்டது போல. வழியில் ஓர் அழகான பெண் வந்து பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்டாள், சிலுவை அடையாளம் போட்டதும் மறைந்தாள், தன் மனம் சலனப்பட்டதற்குத் தண்டனையாக அவர் ஒரு குகைக்குள் போய்விட்டார் என்பது கதை. 1596-இல் இறக்கும்வரை சுமார் முப்பது வருடம் அங்கேயே. குகை இன்றும் இருக்கிறது. எட்டிப் பாருங்கள், போதும்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். 1834-க்குப் பிறகு பிரபு ஒருவர், 1873-இல் ஆங்கிலேய வியாபாரி பிரான்சிஸ் குக், 1949-இல் அரசு என்று கைமாறி இந்த மடம் பிழைத்திருக்கிறது. சிந்த்ரா மலைப் பகுதி 1995 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. ஆகவே நாற்பது பேரை ஒரே நேரத்தில் உள்ளே தள்ளாதீர்கள். கார்க் பட்டை கைபட்டால் பொடியும், அந்த நடையில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள், மற்றவர்கள் காட்டில் நடக்கட்டும். ஒன்றரை மணி நேரம் போதும். அரண்மனையின் உள்ளறைகளைப் பார்க்கும் வரிசையை விட்டாலே அந்த நேரம் கிடைக்கும். முழங்கால் வலிக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் முற்றத்தில் நீரூற்றுப் பக்கம் உட்காரலாம்.

உயரமான ஆளை முதலில் அனுப்பாதீர்கள். நான் அப்படித்தான் போனேன், நெற்றியில் வீக்கம் இறங்க மூன்று நாள் ஆயிற்று.

இப்படிக்கு,
சென்ற முறை உங்கள் பேருந்தில் கடைசி இருக்கையில் இருந்தவன்